ஊசியைக் கால் சுற்று திற

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சத்தமாகத்தான் வந்தது. மனிதர்கள் பிறகுதான் வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம். இட்டெனில், மலை விளிம்பில் இருக்கும் எங்கள் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து இயற்பியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கெரியோ பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலேறி வந்து, கால்பந்துக் கம்பங்களில் ஒன்றை விழுங்கிவிட்டு, இன்னொன்றை விழுங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சின்ன எஞ்சின் பாடத் தொடங்கியது. கனத்த குரலில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறி, கம்பியாக மெலிந்து, உச்சத்தில் ஒரு கணம் நின்று, செத்துப்போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் அதே பாட்டு, அதே சாவு. ஆறு முறை எண்ணினேன். ஏழாவது முறை சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்தேன்.

எழுந்து போனது வரைக்கும் அன்றே எழுதிவிட்டேன். மீதியை எழுத முடியாமல் இத்தனை நாள் வைத்திருந்தேன். மறுநாளே ஜெலகாட் என்னிடம் சொல்லியிருந்தாள் (இங்கே வாத்தியாரை 'மவாலிமு' என்பார்கள்): "மவாலிமு, உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, எங்களை வச்சு ஏதோ எழுதப்போறீங்க. எழுதுங்க. என்னை மட்டும் ராட்சசியா காட்டினீங்க, அடுத்த தடவை காய்ச்சல்னு வரும்போது இருக்கிறதுலயே பெரிய ஊசியா பாத்து எடுப்பேன்."

ஆகவே இது கொஞ்சம் பயத்தோடு எழுதப்படும் கதை.

2

நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"மலை விளிம்பில் நின்ற அந்த மனிதன் வானத்தையே பார்த்துக்கொண்டு—"
இல்லை. அவன் வானத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஒரு பித்தளை ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பர்சோசியோ ஒரு காலத்தில் பெரிய ஓட்டக்காரன். இப்போது அவன் நுரையீரல்—"
இதுவும் இல்லை. ஓட்டக்காரர்களுக்குப் பேர்போன இட்டெனைப் பற்றி யார் எழுதினாலும் கதையில் ஒருவன் ஓடிவிடுகிறான். பர்சோசியோ ஓடி நான் பார்த்தது ஒரே தடவை, திறந்துகிடந்த மாவு மூட்டை மேல் மழை விழுந்தபோது. அவன் மாவு மில் வைத்திருக்கிறான். மக்காச்சோளம் அரைக்கிற மில். இருபத்தெட்டு வருடமாக அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான். புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும்.

(ஐம்பதைத் தாண்டிய மனிதரை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எழுதிப்பார்த்தேன். அவரும் அவர் மனைவியும் எழுந்து தூரமாகப் போய் நின்றுகொண்டார்கள். 'அவன்', 'அவள்' என்றதும் திரும்பி வந்துவிட்டார்கள்.)

எஞ்சினைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பொம்மை விமானத்துக்கானது, கைப்பிடி அளவுதான். மொம்பாசாவில் ஒரு ஓட்டல் மின்பணியாளர் பல வருடம் கடற்கரையில் பறக்கவிட்டது. அவருக்கு அலுத்துப்போய்விட்டது. விடுமுறைக்கு அந்தப் பக்கம் போன நான்தான் விமானத்தோடு சேர்த்து வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து பர்சோசியோவிடம் கொடுத்தேன். அவன்தான் கேட்டிருந்தான். எதற்கு என்று கேட்டதற்கு, "மேல போகுதே" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த எஞ்சின்களின் எரிபொருளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். வருடக்கணக்கில் சும்மா கிடந்ததில் அது காய்ந்து, பழுப்புக் கோந்தாகி, எல்லாவற்றையும் ஒட்டவைத்திருந்தது. விசிறியைக் கையால் சுற்ற முடியவில்லை. அதை இளக்கிவிட்டான். பிறகு வந்ததுதான் உண்மையான வேலை: கார்புரேட்டரை ஊருக்கு ஏற்றபடி வைப்பது.

அது ஒரு சின்னத் துவாரம். அதன் வழியாகக் காற்று போகும். பக்கத்திலிருந்து எரிபொருள் வந்து அதில் கலக்கும். அந்த எரிபொருளின் வழியில் ஒரு ஊசி நிற்கும். ஊசியைத் திருகி மூடினால் எரிபொருள் குறையும், எஞ்சினின் குரல் ஏறும், சூடு ஏறும். திறந்தால் எரிபொருள் கூடும், குரல் கனக்கும், புகை வரும். இது கடல் மட்டத்தின் கொழுத்த காற்றுக்குப் பழகிய எஞ்சின். எங்கள் உயரத்தில் காற்று மெலிது. மொம்பாசாக் கணக்கிலேயே விட்டால் எரிபொருளில் மூழ்கித் திணறும். ஊசியைக் கொஞ்சம் மூட வேண்டும்.

எவ்வளவு மூட வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும்.

3

இந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை. பர்சோசியோவின் மனைவி ஜெலகாட் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

அவள் சுகாதார நிலையத்தில் மருத்துவச்சி. இந்த ஊரில் இருபது வயதுக்குக் கீழே இருக்கிறவர்களில் பாதிப் பேரின் முதல் அழுகையைக் கேட்டவள். மரக்குழலைத் தாயின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்து, உள்ளே இருக்கிறது சுகமா, அவதிப்படுகிறதா என்று கண்டுபிடிக்கிறவள்.

அந்த வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள்.

"செரோனோ அப்பா, என்ன இது? உகாலிக் களி கிண்டுற பாத்திரத்துல இரும்பைப் போட்டு வேகவைக்கிற?"

"ம்."

"இனிமே இதுல யாரு சாப்பிடுவா?"

"ம். ஆயிடுச்சு."

அவள் முகர்ந்து பார்த்தாள். "ஆமணக்கெண்ணெய். வலி எடுக்கலைன்னு எங்ககிட்ட சொல்லாம பொம்பளைங்க குடிச்சுட்டு வர்றது. உன் எஞ்சினுக்கு எத்தனை மாசம்?"

அவன் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடி நின்றான்.

"அவன் எப்படிச் சிரிப்பான்னு உங்களுக்குத் தெரியும்தானே மவாலிமு?" என்று என்னிடம் கேட்டாள். தெரியும். ஒரு காலத்தில் மில்லின் இரைச்சலையும் மீறி ரோட்டுக்குக் கேட்கும். அவளை அவன் கட்டிக்கொண்டதே அவள் வாயாடித்தனத்துக்காகத்தான். நாலு வருடமாக அவள் பேசினால் 'ம்'. அழுதால் 'ம்'. மகள் செரோனோ நைரோபிக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் அந்த ஒரு எழுத்துதான் மிச்சம்.

மார்ச் மாதம் அவன் வாசலில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னாள்: "நான் லோத்வாருக்கு மாத்தல் கேட்டிருக்கேன்."

லோத்வார் வடக்கே வெகுதூரத்தில், வெயில் கொளுத்துகிற இடத்தில் இருக்கிறது. அவன் முகத்தைத் துடைத்தபடி, "ம். நல்லது" என்றான்.

மாற்றல் கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை கிளம்ப வேண்டும். இந்தச் சனிக்கிழமை அவள் பெட்டி கட்டிவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தபோதுதான் வெளியே அந்த எஞ்சின் ஆறு முறை செத்தது.

நான் இதை எழுதுகிற தமிழில் ஒரு தொல்லை. சத்தம் காதில் விழுவதும் கேட்பதுதான், சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். "அவன் நான் சொல்றதைக் கேக்கிறதே இல்ல" என்று அவள் புலம்பியதை எழுதினேன். எழுதி முடித்ததும் அந்த வரி என்னைத் திரும்பிப் பார்த்தது. கதையின் முடிச்சை நானே இங்கே அவிழ்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன். போகட்டும். இது முடிச்சுக்காக எழுதப்படும் கதை இல்லை.

4

நான் போய்ச் சேர்ந்தபோது பர்சோசியோ மில்லுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில், ஒரு பலகையில் விமானத்தைக் கட்டிவைத்து, முன்னால் மண்டிபோட்டிருந்தான். மூடுபனியில் அவனும் விமானமும் மட்டும் ஒரு தீவுபோல. விசிறி சுழல்வதே தெரியவில்லை. பனி அங்கே மட்டும் வட்டமாக நடுங்கியது.

அவன் ஊசியைத் திருகினான். குரல் ஏறியது. சரியான இடத்தைத் தொட்டது. எனக்கே தெரிந்தது. அதையும் தாண்டித் திருகினான். எஞ்சின் கிறீச்சிட்டு அணைந்தது.

"ரொம்ப மூடிட்ட" என்று கத்தினேன். "பட்டினி போட்டுக் கொல்ற அதை. கால் சுற்று திற."

"சும்மா இரு மவாலிமு. குரல் இன்னும் ஏறவே இல்ல. மந்தமா இருக்கு."

"மந்தமா? என் பல்லே கூசுது!"

"உனக்குப் பல்லுல கோளாறு."

மறுபடி ஓட்டினான். மறுபடி கொன்றான்.

இந்த இடத்தில் ஒரு பாத்திரம் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அது நான்தான். பதினேழு வருட நண்பன். இயற்பியல் வாத்தியார், ஒலி அலைகளைப் பற்றி வருடாவருடம் பாடம் நடத்துகிறவன். எப்படி எனக்குத் தெரியாமல் போயிற்று? வாசகர் கேட்பார். நானும் கேட்டுக்கொள்கிறேன். என் குரல் கட்டைக்குரல், அது அவனுக்கு எட்டியது. மில்லில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். இவை உண்மைதான். ஆனாலும் பிடிவாதக்காரன் என்று நினைப்பது எனக்கு எளிதாக இருந்தது என்பதும் உண்மை. இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

பத்தாவது முறை ஜெலகாட் வெளியே வந்தாள். தலையில் கட்டிய துணி சரிந்திருந்தது, முகத்தில் தூக்கம்.

"போறதுக்கு முன்னாடியாவது என்னைத் தூங்க விடக்கூடாதா?"

அவன் திரும்பவில்லை. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பழைய வகையில் ஊசி விசிறிக்கு ஒட்டினாற்போல் இருக்கும், பின்பக்கமிருந்துதான் கை வைக்க வேண்டும். அவன் முன்னாலிருந்து, விசிறிக்கு மேலாகக் கையை நீட்டினான். சட்டையின் கைப்பட்டி பொத்தான் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"கையை எடு!" என்றாள் ஜெலகாட். "செரோனோ அப்பா, கை! கை!"

மூன்று முறை கத்தினாள். பள்ளத்தாக்கில் யாரோ ஆட்டை அதட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்திருப்பார்கள், அப்படிக் கத்தினாள். அவன் தோள்கூட அசையவில்லை. தொங்கிய துணியை விசிறி பிடித்து இழுத்தது. எஞ்சின் நின்றது. அவன் கிழிந்த ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டு, ஆச்சரியப்பட்டவன்போல, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

5

நாலு தையல். வீட்டிலேயே அவளிடம் எல்லாம் இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டாள், பழக்கத்தில் முகக்கவசம் மாட்டிக்கொண்டாள், அவன் கையைத் தன் முழங்காலில் வைத்துத் தைக்கத் தொடங்கினாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கத்தினது காதுல விழுந்துச்சா?"

"ம்" என்றான்.

"விழுந்துமா கையை எடுக்கல?"

"ம்."

அவள் ஒரு தையல் போட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண் அவள் முகத்தில்தான் இருந்தது. கவசம் மூடிய வாயைத் தேடிக்கொண்டிருந்தது. அவளுக்குள் ஏதோ நின்றுவிட்டது. நான் பார்த்தேன். குழலில் காது வைத்திருக்கும்போது அவள் அப்படித்தான் அசையாமல் நிற்பாள் என்று நினைக்கிறேன்.

அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்: "திங்கட்கிழமை நான் லோத்வாருக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

"ம்."

"மில்லுக்குத் தீ வச்சுட்டேன்."

"சரி."

"கூரை மேல மாடு ஏறி உக்காந்து டீ குடிக்குது."

"ம்" என்றான் பர்சோசியோ, பணிவாக. "நல்லது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்களைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஜெலகாட் ஊசியை வைத்தாள். கவசத்தைக் கீழே இறக்கினாள். அவன் பார்க்கும்படி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்:

"எவ்வளவு நாளா?"

அவன் அவள் உதடுகளைப் பார்த்தான். பிறகு, "முதல்ல குருவிங்க போச்சு" என்றான். "காலையில ஒண்ணுமே கத்தாது. எல்லாம் கீழ பள்ளத்தாக்குக்குப் போயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் போன் மணி. அப்புறம் நீ."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பாவம் பார்ப்ப. மெதுவா, அன்பா பேசுவ. அது எனக்கு எட்டாது." அவன் தைத்த விரலைப் பார்த்தான். "கோவமா பேசினா வாயை நல்லாத் திறக்குற. பாதியாவது புரியும்."

அவள் எழுந்து போனாள். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நானும் அவனும் விளக்கும் இருந்தோம். திரும்பி வந்து, மீதித் தையலைப் போட்டு முடித்தாள்.

6

அன்று சாயங்காலமே எஞ்சினைச் சரிபண்ணினார்கள். எனக்குப் பிடித்த பகுதி இது. ஒரு கனவை எழுதுவதுபோல எழுதத் தோன்றுகிறது. முதலில் எழுதியதில் ஜெலகாட் தன் மரக்குழலைக் கொண்டுவந்து எஞ்சினின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை—

அடித்துவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. அவள் அப்படிச் செய்யவில்லை. ஓடுகிற எஞ்சினில் அப்படிக் காது வைக்கிறவள் முட்டாள்.

அவள் செய்தது இதுதான். விமானத்துக்குப் பக்கவாட்டில், அவன் பார்க்கிற இடத்தில் போய் நின்றாள். என்னைக் கேட்டாள்: "என்ன கேக்கணும்?"

"குரல் ஏறிக்கிட்டே போகும். உச்சின்னு ஒண்ணு வரும். அங்க நிக்கக்கூடாது. தொட்டுட்டு, ஒரு படி இறங்கி வந்துடணும். உச்சியிலேயே வச்சா மேல போனதும் வெந்துடும்."

"ஒரு படின்னா?"

"கால் சுற்று."

"உங்க கால் சுற்று எனக்கெதுக்கு? கேட்டா தெரிஞ்சுடும்."

அவன் கட்டுப்போட்ட விரலை மடக்கிக்கொண்டு, விசிறிக்குப் பின்னாலிருந்து ஊசியைப் பிடித்தான். எஞ்சின் பிடித்தது. மொம்பாசாவின் தடித்த குரல், வாய் நிறைய எரிபொருளோடு குளறிய குரல். ஜெலகாட் கண்ணை மூடினாள். வலதுகையை இடுப்பளவில் நீட்டினாள். அவன் திருகினான். கை மெல்ல உயர்ந்தது. வயிறு, மார்பு, தோள். ஆமணக்குப் புகை மெலிந்து நூலாகி, பனியோடு கலந்து, எது புகை எது பனி என்று தெரியாமல் போயிற்று. எங்களைச் சுற்றி ஊரே இல்லை. ஒரு சத்தமும், அதன்மேல் மிதக்கும் ஒரு கையும், அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்காத ஒரு மனிதனும் மட்டும்தான். கை அவள் நெற்றிவரை போய் நின்றது. பிறகு, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல, ஒரு விரற்கடை இறங்கியது.

அவன் கால் சுற்று திறந்தான்.

சோதித்துப் பார்க்க நான் எரிபொருள் குழாயை இரண்டு விரலால் ஒரு கணம் நசுக்கிவிட்டேன். குரல் சற்றே ஏறி, உடனே தன் இடத்துக்குத் திரும்பியது. விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கினோம். குரல் தளரவில்லை. சரியாக இருந்தது.

ஜெலகாட் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்: "இப்ப யாரும் திணறல."

அவன் சிரித்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோதே அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவதில் அவள் பெட்டியைப் பிரிக்கிறாள். ஒரு நாலு வருடம் நாலு தையலில் சரியாகிவிடுகிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவதில் அவள் போய்விடுகிறாள், அவன் விமானத்தைப் பள்ளத்தாக்குக்குள் விட்டுவிட்டு ரிமோட்டை அணைத்து— மன்னியுங்கள், இதை எழுதிய அன்று எனக்குக் காய்ச்சல்.

மூன்றாவதில் இருவரும் சேர்ந்து லோத்வாருக்குப் போகிறார்கள். மில்லை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியாததால் கதை அங்கேயே நிற்கிறது.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் சொல்ல விரும்புவது ஞாயிற்றுக்கிழமை நடந்ததை.

தேவாலயம் முடிந்து மூவரும் பள்ளி மைதானத்தில் கூடினோம். ஜெலகாட் குடுவையில் டீ கொண்டுவந்திருந்தாள். விமானம் புல்லில் ஓடி, எழும்பி, விளிம்பைத் தாண்டியது. ஐந்து நிமிடம் அது நீலத்தில் இருந்தது. பிறகு பள்ளத்தாக்கு ஒரு பெருமூச்சு விட்டதுபோல மூடுபனி எழுந்து அதை எடுத்துக்கொண்டது. சத்தம் மட்டும் மிச்சம்.

பர்சோசியோவுக்கு அதுவும் இல்லை. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வெறும் வெள்ளையைப் பார்த்தான். "எங்க?" என்றான். "எங்க போச்சு?"

ஜெலகாட் டீயைப் புல்லில் வைத்துவிட்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். விரலை நீட்டினாள். விரல் வெண்மைக்குள் இடமாக நகர்ந்தது, தாழ்ந்தது, மெதுவாக வளைந்து எங்களை நோக்கித் திரும்பியது. அவன் வானத்தை விட்டுவிட்டு அந்த விரலைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. குடுவையின் மூடியில் இருந்த டீ ஆறிப்போனது.

விமானம் பனியைக் கிழித்துக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலே, மிகத் தாழ்வாக வந்தது. அது வந்துகொண்டிருக்கும்போதே அவன் அவளிடம் கேட்டான்:

"நேத்து தைக்கும்போது, வாயை மூடிக்கிட்டு என்னமோ சொன்னியே. லோத்வார்னு மவாலிமு சொன்னான். நான் கேட்டா இருப்பியா?"

அவள் பதில் சொன்னாள். சரியாக அந்தக் கணத்தில் எஞ்சின் எங்களைத் தாண்டியது. உச்சிக்கு ஒரு படி கீழே, முழுக்குரலில், நன்றாகச் சுருதி கூடிய எஞ்சின். நல்ல காதுகள் கொண்ட எனக்கு அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன். ஆமா, இல்லை என்பதுபோல ஒற்றைச் சொல் இல்லை. நீளமான பதில். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, மறுபடி தொடர்ந்தாள்.

அது என்னவென்று நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். பர்சோசியோ அவள் வாயிலிருந்து கண்ணெடுக்காமல் நின்றான். அவன் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை.